மதனகாமப்பூ ஒரு பூ அல்ல

ஜூலை 9, புதன்

இன்று தாவரவியல் வகுப்பில் சீட்டு எடுத்தோம். ஆகஸ்ட் பதிமூன்றாம் தேதி பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பாசிகள், பெரணிகள், திறந்த விதைத் தாவரங்கள், பூக்கும் தாவரங்கள் என்று மாலதி டீச்சர் தனித்தனியாக எழுதி, சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். இரண்டு பேருக்கு ஒரு சீட்டு. எனக்கும் பாத்திமா ஹனாவுக்கும் திறந்த விதைத் தாவரங்கள் வந்தது. பிளஸ் ஒன் வகுப்பே சிரித்தது. பூ மார்க்கெட் சிவராம் மகளுக்குப் பூவே பூக்காத கூட்டம்.

பூக்கும் தாவரங்கள் வந்திருந்தால் அப்பா கடையிலிருந்து பிச்சி, மல்லி, கேந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை எல்லாம் ஒரே நாளில் இறக்கியிருப்பேன். இப்போது டீச்சர் கேட்ட ஆறு மாதிரிக்கு எங்கே அலைவது? ஹனா மட்டும் கவலைப்படவில்லை. "விடுட்டி. பூ இல்லைன்னா வாடாதுல்லா."

இதை விலங்கியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். முன்னால் தவளையின் குடல் படம். அதைப் பார்த்தால் பெரியப்பா நோட்டைத் தொட மாட்டார். ஒன்பதாம் வகுப்பில் எழுதிய டைரியைக் கண்டுபிடித்துச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் முன்னால் வாசித்தார் அல்லவா, அதிலிருந்து தவளைதான் எனக்குக் காவல். பூக்கட்டும் வாழைநார் வைத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று மணிக்கு அப்பா மார்க்கெட்டுக்கு எழுவார். அதற்குள் முடிக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

நான்கு கிடைத்துவிட்டது. கல்யாண மண்டப வாசலில் இரண்டு பக்கமும் குட்டைப் பனை மாதிரி நிற்கிறதே, அது பனையே இல்லை. சைகஸ். இத்தனை கல்யாணத்துக்குப் போயும் எனக்குத் தெரியவில்லை. ஹனா வாட்ச்மேன் தாத்தாவிடம் ஓர் இலை கேட்டாள். "தாத்தா, இது டைனோசர் காலத்துச் செடி." அவர் சொன்னார், "டைனோசர் வந்தா பத்திரிகை காட்டாம உள்ள விட மாட்டேன் தாயி." ஆனால் இலை கொடுத்தார்.

சர்ச் வளாகத்தில் அரௌகேரியா. அடுக்கடுக்காகக் கை நீட்டி நிற்கிறது. தபால் ஆபீஸ் சுவரோரம் துஜா. பைன் கூம்பு ஹனா வீட்டு ஷோகேஸில், கொடைக்கானலில் வாங்கியது, தங்க வார்னிஷ் பூசியிருக்கிறது. "கண்காட்சி முடிஞ்சதும் அப்படியே திரும்பி வரணும்" என்று அவளுடைய உம்மா ஜுலைகா பீவி மூன்று முறை சொன்னார்.

பக்கத்து விசைத்தறிக் கூடத்தில், உதிரிபாகம் வந்த பெட்டியிலிருந்து ஒரு பைன் பலகைத்துண்டு கேட்டிருக்கிறோம். அது ஐந்து. ஆறாவது, சைகஸின் ஆண் கூம்பு. மண்டபத்துச் செடி இதுவரை கூம்பு விட்டதே இல்லையாம். இலைகளை ஒட்ட ஹெர்பேரியம் தாளிலும் ஒன்று குறைகிறது.

பாடம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. அதை ஒத்துக்கொள்கிறேன். நமீபியப் பாலைவனத்தில் வெல்விட்சியா என்று ஒன்று. ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருக்குமாம், வாழ்நாள் முழுக்க இரண்டே இலை. கிங்கோ தன் கூட்டத்தில் மிஞ்சிய ஒரே ஒருத்தி. சைகஸின் வேர் பவளம் மாதிரி கிளைத்து மண்ணுக்கு மேலே வரும், உள்ளே நீலப்பச்சைப் பாசி குடியிருக்கும். இந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை. எல்லாருக்கும் பொது ஒன்றுதான். விதையை மூடி வைக்கக் கனி கிடையாது.

ஜூலை 16, புதன்

ஆய்வகத்தில் இருந்த ஆண் கூம்பு ஜாடிக்குள்ளேயே கூழாகிவிட்டது. எங்கள் அக்காமார் காலத்து ஜாடி. டீச்சரிடம் போய் நின்றோம். அவர் ஸ்டாஃப் ரூம் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்: "நாட்டு மருந்துக் கடையில காய்ஞ்சது கிடைக்கும். மதனகாமப்பூன்னு கேளுங்க."

பெயரைக் கேட்டபோது உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. ஆனால் குருவிகுளத்து அத்தை பெயர் காமாட்சி. பெயரில் என்ன இருக்கிறது?

ஜூலை 17, வியாழன்

கிடைத்துவிட்டது. ஹனாவுக்கு மாலையில் குர்ஆன் ஓதப்போக வேண்டும், அதனால் நான் மட்டும் போனேன். இசக்கித்துரை அண்ணாச்சியின் நாட்டு மருந்துக் கடையில் இரண்டு பேர் நின்றார்கள். கேட்டேன். அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார்.

"யாருக்கு பாப்பா?"

"எனக்குத்தான் அண்ணாச்சி."

நின்றவர்களில் ஒருவர் இருமினார். அண்ணாச்சி உள்ளே போய்ப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். உதிர்ந்த செதில்கள், பழுப்பு நிறம், ஆப்பு வடிவம், நுனி முள்மாதிரி மேலே வளைந்திருக்கிறது. லென்ஸ் வைத்தால் அடிப்பக்கம் முழுக்க மகரந்தப் பைகள், மூன்று மூன்றாக, நான்கு நான்காக. புத்தகத்துப் படம் அப்படியே. இத்தனை வருஷம் இந்த ஊர்க் கடையில் சாக்குக்குள் கிடந்திருக்கிறது.

பிறகு எழுதியது: பெரியப்பாவுக்குப் போன் வந்தது. கீழே சத்தம். என் பெயர் கேட்கிறது. விளக்கை அணைக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

பள்ளிக்கு அனுப்பவில்லை.

ஜூலை 19, சனி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் வெடித்துவிடும்.

போன் செய்தது இசக்கித்துரை அண்ணாச்சி. பொட்டலமும் கட்டிக் கொடுத்தார், காசையும் வாங்கிக்கொண்டார், அப்புறம் போன் செய்தார். கொடுக்கக்கூடாத சாமான் என்றால் கொடுக்காமல் இருக்க வேண்டியதுதானே.

பெரியப்பா என்னைக் கூடத்தில் நிற்கவைத்தார். பெரியப்பா பெயர் முத்துக்குமாரசாமி, தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடும் பூக்கடையும் அவர் பெயரில். அதனால் இந்த வீட்டில் அவர் ஆரம்பித்த வாக்கியத்தை வேறு யாரும் முடிக்க முடியாது.

"யாருக்குடி வாங்கின? எவன் கேட்டான்?"

"பள்ளிக்கூடத்துக்கு, பெரியப்பா. தாவரவியல்."

"தாவரவியலாம்."

சார்ட்டைக் கொண்டு வரச் சொன்னார். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தது. 'ஜிம்னோஸ்' என்றால் கிரேக்க மொழியில் ஆடையற்ற என்று பொருள், என்று முதல் வரியில் எழுதியிருந்தேன். அதைச் சத்தமாக வாசித்தார். ஆண் கூம்பு, பெண் கூம்பு, கருவுறுதல். ஒவ்வொரு சொல்லையும் ஒரு குற்றம்போல வாசித்தார். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். அது புத்தகத்தில் இருக்கிறது, பக்கம் போட்டு இருக்கிறது, அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சார்ட் நான்காகக் கிழிந்துவிட்டது.

அப்பா தூணுக்குப் பக்கத்தில் நின்றார். விரலில் நார்ப்பிசிறு ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்து, தூரப் போடு என்றார் பெரியப்பா. அம்மா எடுத்துக்கொண்டு போனாள், திரும்பி வந்து தூரப் போட்டாச்சு என்றாள்.

அது என்ன என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. 'அது' 'அது' என்கிறார்கள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது.

ஜூலை 21, திங்கள்

பெரியப்பாவும் அம்மாவும் பள்ளிக்குப் போய்வந்தார்கள். 'நான்தான் வாங்கச் சொன்னேன்' என்று டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்று நினைத்துக் காலையிலேயே யூனிபார்மை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

அம்மா வந்து புடவை மாற்றாமலே உட்கார்ந்தாள். மாலதி டீச்சர் சொன்னாராம்: "நான் கூம்பு கொண்டுவரச் சொன்னேன் சார். கடையில வாங்கச் சொல்லலை. அந்தப் பேரெல்லாம் நான் பிள்ளைங்ககிட்ட சொல்லுவேனா?"

சொன்னாரே. கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னாரே. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

"நீ பொய் சொல்லுதியா, அவங்க பொய் சொல்லுதாங்களா?" என்று அம்மா கேட்டாள். பதினாறு வருஷம் வளர்த்தவளுக்கு அது தெரிய வேண்டாமா?

விடுப்புக் கடிதத்தில் மஞ்சள் காமாலை என்று எழுதியிருக்கிறார்களாம். எனக்குக் காமாலை. நல்லது.

ஜூலை 23, புதன்

முடிவு செய்துவிட்டார்கள். ஆடித்தபசுத் திருவிழா முடிந்ததும் டி.சி. வாங்கிவிடுவது. நான் குருவிகுளத்தில் காமாட்சி அத்தை வீட்டுக்குப் போய்த் தையல் கற்றுக்கொள்வது. தை மாதத்துக்குள் ஜாதகம் எடுப்பது. தபசுக்கு முன்னால் முடியாது, கோவிலில் பெரியப்பாவுக்கு மண்டகப்படி இருக்கிறது, அந்த வேலை முடியட்டுமாம். என் படிப்பை நிறுத்தவும் நல்ல நேரம் பார்க்கிறார்.

"என்னடா சொல்லுத?" என்று அப்பாவைக் கேட்டார்.

"நீங்க சொன்னா சரிதான்ண்ணே."

அப்பாமேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெரியப்பாமேல் கோபப்படலாம், அது சுவரில் முட்டுவது மாதிரி, சுவராவது இருக்கிறது. அப்பாவிடம் முட்ட ஒன்றுமே இல்லை.

குருவிகுளத்துக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். அத்தை வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு சோளக்காடும் ஒரு செல்போன் கோபுரமும் தெரியும்.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்பார்கள். குறையவில்லை.

ஜூலை 26, சனி

ஹனா வந்தாள். பூ வாங்க வந்தமாதிரி உம்மாவோடு வாசலில் நின்றாள். அம்மா அந்த உம்மாவிடம் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கிரில் கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கிசுகிசுத்தாள்.

"காமாலையா ஏட்டி உனக்கு? கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு."

"அது என்னதுன்னு உனக்குத் தெரியுமா? யாரும் சொல்ல மாட்டேங்காங்க."

ஹனா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிறகு சிரிக்காமல் சொன்னாள். கல்யாணமான அவள் அக்கா ரிஸானாவிடம் கேட்டிருக்கிறாள். ஆம்பளைங்க சாப்பிடுற மருந்தாம். லேகியத்தில் போடுவார்களாம். வீரியத்துக்கு.

ஒன்பது நாள். குற்றம் இன்னது என்று தெரியாமலே ஒன்பது நாள் தண்டனை அனுபவித்திருக்கிறேன்.

ஹனா தலைமையாசிரியையிடம் போய், டீச்சர்தான் அந்தப் பெயரைச் சொன்னார், நானும் பக்கத்தில் இருந்தேன் என்று சொல்லிவிட்டாளாம். அதிலிருந்து மாலதி டீச்சர் அவளை ஒரு கேள்விகூடக் கேட்பதில்லையாம். "பரவாயில்லை, நிம்மதியாத்தான் இருக்கு" என்றாள். கண்காட்சி மேஜையை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து மாதிரியையும் வைத்துக்கொண்டு ஆறாவதற்கு இடம் விட்டிருக்கிறாள்.

உம்மா இரண்டு முழம் பிச்சி வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஜூலை 28, திங்கள்

கொடியேறிவிட்டது. ஊர் முழுக்க ஸ்பீக்கர். அம்மா ஆடிச்சுற்று ஆரம்பித்துவிட்டாள், கோவிலை நூற்றெட்டுச் சுற்று சுற்ற வேண்டும். எதற்கு என்று கேட்டேன். "உனக்கு நல்ல புத்தி வரணும்னு."

எனக்கு. பெரியப்பாவுக்காக யாரும் அரைச் சுற்றுகூடச் சுற்றவில்லை.

ஜூலை 31, வியாழன்

இதை எழுதலாமா? தவளை என்னைக் காப்பாற்றட்டும்.

பெரியம்மா கோவிலுக்குப் போயிருந்ததால் பெரியப்பா அறையில் வெந்நீர் வைக்க என்னை அனுப்பினாள் அம்மா. அவர் அங்கே இல்லை. அலமாரி ஒருக்களித்துத் திறந்திருந்தது. பனங்கற்கண்டு டப்பாவுக்குப் பின்னால் ஒரு லேகிய பாட்டில். பாதிக்குமேல் காலி. லேபிளில் பொடி எழுத்தில் சேர்மானம் அச்சடித்திருந்தது. அமுக்கரா, பூனைக்காலி, ஜாதிக்காய். நான்காவதாக மதனகாமப்பூ. அதற்கு நேரே ஆங்கில எழுத்தில், சைகஸ் சிர்சினாலிஸ்.

தாவரப் பெயரை என்ன ஒழுங்காக அச்சடித்திருக்கிறார்கள். பேரினம் பெரிய எழுத்தில், சிற்றினம் சின்ன எழுத்தில், இரண்டும் சாய்வாக. டீச்சர்கூடப் போர்டில் அப்படி எழுத மாட்டார்.

பாட்டிலை இருந்தபடியே வைத்துவிட்டு வந்தேன். அவர் சாப்பிடலாம். நான் பெயரைச் சொல்லக்கூடாது. அவர் வாங்கியபோது இசக்கித்துரை அண்ணாச்சி யாருக்குப் போன் செய்தார்?

ஆகஸ்ட் 2, சனி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் பூ உதிர்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, குரல் வெளியே வராமல், பாட்டில், லேபிள், நான்காவது சேர்மானம் எல்லாம் சொன்னேன். அம்மா அதிர்ச்சி அடைவாள், எழுந்து போய் ஏதாவது செய்வாள் என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"உங்க பெரியம்மாதானே பாட்டிலைக் கழுவிப் போடுதா. எல்லாருக்கும் தெரியும்டி. நீ கடையில போய் வாயைத் திறந்து கேட்டதுதான் தப்பு."

அவ்வளவுதானா? இந்த வீட்டில் எதுவும் தப்பில்லை, சொல்லாதவரைக்கும்?

நான் அழுதேன். அம்மா பூ உதிர்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, ரெண்டு கைப்பிடி மல்லியை என் மடியில் தள்ளி, "கட்டு, கைக்கு வேலை இருந்தா மனசு அடங்கும்" என்றாள். கட்டினேன். அடங்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று மதியம் நடந்ததை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும்.

மண்டகப்படி மாலைகளுக்காக அப்பா கடையிலிருந்து சீக்கிரமே கூடைகளோடு வந்துவிட்டார். நார் அறையில் அப்பா, அம்மா, நான். பெரியப்பா கோவிலில். அப்பா கேந்தி மாலை கட்டிக்கொண்டிருந்தார். அவர் கை எவ்வளவு வேகம் என்பதை மறந்துபோயிருந்தேன்.

"அது என்ன பூ?" என்றார். நிமிரவில்லை.

கூடையில் கிடக்கும் எதையோ கேட்கிறார் என்று நினைத்தேன்.

"நீ வாங்கினது."

"அது பூ இல்லைப்பா."

"பூன்னுதானே சொல்லுதாங்க."

"சொல்லுதாங்க. ஆனா பூ இல்லை."

"முப்பது வருஷமா பூ யாவாரம் பண்ணுதேன். எனக்குத் தெரியாத பூ ஒண்ணை நீ வாங்கியிருக்கியேன்னுதான் இத்தனை நாளா யோசிச்சிட்டிருந்தேன்."

அம்மா எழுந்தாள். தையல் மெஷின் டிராயரைத் திறந்து நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துவந்து அப்பா முன்னால் வைத்தாள். இசக்கித்துரை கடை நியூஸ் பேப்பர், அதே முடிச்சு. தூரப் போட்டாச்சு என்றாளே என்று நான் வாய் பிளந்து பார்த்தேன். "பெரியவர்கிட்ட அப்படிச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள்.

அப்பா ஒரு செதிலை எடுத்தார். வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு எடுத்தார், சாமிக்குக் கட்டும்போது துடைப்பாரே, அப்படி. மோந்து பார்த்தார். புரட்டினார். நகத்தால் கீறினார்.

"காம்பு எங்க? இதழ் எங்க? இதை நாருல வச்சா நிக்காது, உருவிட்டு விழுந்துரும். இதைப் போய்ப் பூன்னு எவன் சொன்னான்?"

நான் லென்ஸைக் கொடுத்தேன். அடிப்பக்கம் பாருங்க, அந்தப் பொட்டு ஒவ்வொண்ணும் ஒரு பை, உள்ள தூள் இருக்கும். இந்தச் செதில் நூத்துக்கணக்குல அடுக்கி ஒரு முழ நீளத்துக்குக் கூம்பா நிக்கும். ஆண் செடி வேற, பெண் செடி வேற.

"அப்ப காய் எப்படிப் பிடிக்கும்?"

"காயே கிடையாதுப்பா. விதை மட்டுந்தான். மேல மூடுறதுக்கு ஒண்ணும் கிடையாது, வெளிய பாத்தாலே தெரியும். அதனாலதான் திறந்த விதை. காத்தோ வண்டோ தூளைக் கொண்டுபோய்ச் சேக்கும்."

"மூடலைன்னா பூச்சி அரிச்சிராதா?"

"விதைக்குத் தோல் மூணு அடுக்கு. நடு அடுக்கு கல்லு மாதிரி. பத்தாததுக்கு விஷம் வேற. மலையாளத்துப் பக்கம் விதையை ஊறப்போட்டு, தண்ணியை மாத்தி மாத்தி வடிச்சுட்டுத்தான் மாவு இடிப்பாங்களாம். டைனோசரே அழிஞ்சுபோச்சு, இது நிக்கிது."

அப்பா லென்ஸை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு. பிறகு சொன்னார்:

"மல்லியில நான் காய் பாத்ததே இல்லை. மொட்டுலயே பறிச்சிருதோம்."

கையில் பாதி கட்டிய கேந்தி மாலை. ஒரு கண்ணி தளர்ந்து நான்கு பூ உருண்டு ஓடியது. அப்பா கட்டிய மாலை தளர்ந்து நான் பார்த்ததில்லை.

"இதைத்தான் வாத்தியாரம்மா கொண்டுவரச் சொன்னாங்களா?"

"ஆமாப்பா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலை."

கோபமாகத்தான் சொன்னேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா உருண்ட பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அந்தக் கண்ணியை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தபசு. வெளியூர்க்காரர்கள் நேர்த்திக்கடனாகச் சப்பரத்தின் மேல் பருத்தியும் மிளகாயும் வீசினார்கள். எனக்கு வீச ஒன்றும் இல்லை. பெரியப்பா புதுச் சட்டை போட்டிருந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

படிவம் வந்துவிட்டது. பெரியப்பாவே பள்ளிக்குப் போய் வாங்கி, பச்சை மையில் நிரப்பியும் கொண்டுவந்தார். ஆனால் தகப்பனார் கையெழுத்து இல்லாமல் டி.சி. தர மாட்டார்களாம். "முப்பத்தி நாலு வருஷம் தாலுகா ஆபீஸ்ல எத்தனை கையெழுத்துப் போட்டிருப்பேன், என் கையெழுத்து செல்லாதாம்" என்று கூடத்தில் கத்தினார். அந்தக் கிளார்க் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

அப்பா தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கடையில வச்சுப் போட்டுத்தாரேன்."

முடிந்தது. செவ்வாய்க்கிழமை லென்ஸ் பார்த்ததெல்லாம் செவ்வாய்க்கிழமையோடு சரி. அம்மா என் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 9, சனி

"போட்டியாடா?"

"கை ஈரமா இருந்துச்சுண்ணே. தாள் நனைஞ்சிரும்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

"இன்னைக்காவது போட்டியா?"

"முகூர்த்த நாளு. மூச்சு விட நேரமில்லைண்ணே."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இன்று முகூர்த்தமே இல்லை. இது ஆடி மாசம்.

பெரியப்பா அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்குக் காலைல நானே கடைக்கு வாரேன். நின்னு வாங்கிட்டுப் போறேன்."

தூக்கம் வரவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். எனக்குத் தெரியும். அவர் யாரிடமும் இல்லை என்று சொன்னதே கிடையாது, கடன் கேட்கிறவனிடம்கூட.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை எட்டு மணிக்குப் பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். ஒன்பதரைக்குத் திரும்பினார். கையில் ஒன்றும் இல்லை. நேரே அறைக்குள் போய்விட்டார். மதியம் சாப்பிட வரவில்லை. பெரியம்மா தட்டை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார்.

மார்க்கெட்டில் பூ உதிர்க்கும் அக்கா ஒருத்தி சாயங்காலம் நார் வாங்க வந்தபோது அம்மாவிடம் சொன்னாள். பெரியப்பா கடைமுன்னால் நின்று தாளைக் கேட்டாராம். அப்பா கல்லாப்பெட்டியைத் தேடினாராம், கூடைகளைக் கவிழ்த்தாராம், சாக்கு உதறினாராம். "இங்கனதான்ண்ணே எங்கயோ கிடக்கு. பூ வாற இடம், எதுக்குள்ள போச்சோ." பெரியப்பா ஒரு மணி நேரம் நின்றாராம். அப்பா ஒரு மணி நேரமும் தேடினாராம். "சிவராம் அண்ணாச்சி தேடுத மாதிரி நாங்க பாத்ததே இல்லை, எங்களுக்கே சிரிப்பாணி" என்றாள் அந்த அக்கா.

அப்பா ஏழு மணிக்கு வந்தார். அம்மாவிடம் வழக்கம்போல மல்லிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனார். வாளிச் சத்தத்துக்கு நடுவே, கூடத்துக்கும் அறைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "நாளைக்குப் பிள்ளையை நான் வண்டில பள்ளிக்கூடத்துல விட்டுட்டுக் கடைக்குப் போறேன். அந்தப் பொட்டலத்தையும் மறக்காம எடுத்துவச்சுக்கச் சொல்லு."

பெரியப்பா அறைக் கதவு சாத்தப்பட்டது. பலமாக இல்லை. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. நாளை மாலதி டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவரை மன்னிக்கவும் இல்லை.

அம்மா மல்லியைத் தலையில் வைத்துக்கொண்டு, சுற்றி வந்த தாளைக் கசக்கப் போனாள். பச்சை மை தெரிந்தது. வாங்கிப் பிரித்தேன். மாணவியின் பெயர்: எஸ். வித்யாலட்சுமி. விலகும் காரணம்: குடும்பச் சூழ்நிலை. தகப்பனார் கையெழுத்துக்கான இடத்தில் மல்லியின் ஈரம் மட்டும் வட்டமாக ஊறியிருந்தது.

அதை நார்க்கட்டின் மேல் காயவைத்திருக்கிறேன். பின்பக்கம் சுத்தமாக இருக்கிறது. சைகஸ் இலையை ஒட்ட ஒரு தாள் குறைந்தது அல்லவா.